சட்டம் இருக்கிறது, பிறகு ஏன் இத்தனை குழந்தைகள் வேலையில் இருக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் குழந்தைகளை வேலைக்கு வைப்பது குற்றம், அபராதம் உண்டு, சிறை உண்டு, ஐ.நா. உடன்படிக்கையும் உண்டு, அப்படியும் கோடிக்கணக்கான குழந்தைகள் வேலை செய்கிறார்களே, தண்டனையை இன்னும் கடுமையாக்கினால் போதாதா?

போதாது. தண்டனை குறைவு என்பது இதில் ஒரு சின்னக் காரணம்தான். பெரிய காரணம் வேறு: சட்டத்தின் கை எட்டும் இடத்தில் வேலை செய்யும் குழந்தைகள் கொஞ்சம் பேர், அவர்கள் நிறைந்திருக்கும் இடத்துக்கு அந்தக் கை எட்டுவதில்லை. சில இடங்களில் எட்டக் கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024-ல் உலகம் முழுக்கக் குழந்தைத் தொழிலாளர்கள் 13.8 கோடிப் பேர், அதில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலையில். 2000-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 24.6 கோடி, ஆக நிறையக் குறைந்திருக்கிறது, ஆனால் நேர்கோடாகக் குறையவில்லை. 2020-ல் 16 கோடி என்று வந்தபோது அது அதற்கு முந்தைய கணக்கைவிட அதிகம். 2025-க்குள் அடியோடு ஒழிப்போம் என்று உலக நாடுகள் எல்லாம் கையெழுத்திட்டிருந்தன, அந்த இலக்கு தவறிவிட்டது.

இந்த எண்ணிக்கையை யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை. நம் மனதில் குழந்தைத் தொழிலாளி என்றால் ஒரு பட்டறை, ஒரு கொடூர முதலாளி, கதவை உடைத்துக்கொண்டு நுழையும் அதிகாரிகள், அவ்வளவுதான். ஆனால் 13.8 கோடியில் 61 சதவீதம் விவசாயம், மீன்பிடி, கால்நடை சார்ந்த வேலைகளில் இருக்கிறார்கள், ஆலை, சுரங்கம், கட்டுமானம் எல்லாம் சேர்த்தே 13 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. 2020-ஆம் ஆண்டுக்கான அறிக்கை இன்னொன்றும் சொன்னது: குழந்தைத் தொழிலில் 72 சதவீதம் குடும்பத்துக்குள்ளேயே நடக்கிறது. அதாவது சொந்த நிலத்தில், அப்பாவோடு அம்மாவோடு, சம்பளம் என்று ஒன்று இல்லாமல். இப்போது சொல்லுங்கள், கடுமையான தண்டனையை யாருக்குக் கொடுப்பது?

எது குற்றம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, இதில் குழப்பம் அதிகம். பள்ளி விட்டு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்கிற, தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற பிள்ளையை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆவது உடன்படிக்கை (1973) வயதை வைத்துக் கோடு போடுகிறது: பொதுவாக 15 வயதுக்குக் கீழே வேலை கூடாது, வசதி குறைந்த நாடுகள் 14 என்று தொடங்கலாம், உடலுக்கோ மனதுக்கோ கேடு தரும் வேலை 18 வரை கூடாது, பள்ளியைக் கெடுக்காத இலகுவான வேலைக்கு 13 வயதிலிருந்து அனுமதி தரலாம். 182-ஆவது உடன்படிக்கை (1999) மிக மோசமான வகைகளைத் தனியே பிரித்தது: அடிமை முறை, கடனுக்கு ஈடாக உழைப்பு, கடத்தல், போரில் சேர்ப்பது, பாலியல் சுரண்டல், போதைப்பொருள் கடத்தலில் ஈடுபடுத்துவது, அப்புறம் உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தான வேலைகள். 2020 ஆகஸ்டில் டோங்கா கையெழுத்திட்டதோடு அந்த அமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன. அந்த அமைப்பின் எந்த உடன்படிக்கைக்கும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. காகிதத்தில் உலகமே ஒத்துக்கொண்ட விஷயம் இது.

காகிதத்துக்கும் களத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்று புரிய 1833-ஆம் ஆண்டு பிரிட்டனுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பும் அங்கே 1802-லும் 1819-லும் சட்டங்கள் வந்தன, ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் யார் போய்ப் பார்ப்பது என்பதை உள்ளூர் நீதிபதிகளிடம் விட்டிருந்தார்கள், அவர்களில் பலர் ஆலை முதலாளிகளின் சொந்தக்காரர்கள், நண்பர்கள். 1833 சட்டம் ஒரு புது வேலையைச் செய்தது, அரசுச் சம்பளத்தில் ஆய்வாளர்களை நியமித்தது. எத்தனை பேர் தெரியுமா? நாடு முழுவதற்கும் 4 பேர். ஜவுளி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழே வேலை கூடாது (பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்கு, அங்கே யாரோ நன்றாகப் பேசியிருக்கிறார்கள்), 9 முதல் 13 வரை வாரத்துக்கு 48 மணி நேரம், அதோடு தினமும் 2 மணி நேரம் பள்ளி.

சரி, இந்தப் பிள்ளைக்கு 9 வயது ஆகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போது இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது, அது தொடங்கியது 1837 ஜூலையில். அதனால் ஒரு மருத்துவர் பிள்ளையைப் பார்த்து, 9 வயதுப் பிள்ளைக்கு உள்ள சாதாரண உடல்வாகும் தோற்றமும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். வயிறார உண்ட 7 வயதுப் பிள்ளை 9 ஆகிவிடும். ஒரு பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாயைத் திறந்து பார்த்து, உயரத்தைவிடப் பல் முளைத்திருப்பதை வைத்து வயது சொல்வது மேல் என்று 1837-ல் புத்தகமே போட்டார். பள்ளிக் கதை இன்னும் மோசம், ஆலைக்குள் ஒரு மூலையைப் பள்ளி என்றார்கள், ஆசிரியருக்கே எழுதத் தெரியாமல் வருகைச் சான்றில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டதை ஆய்வாளர்கள் தங்கள் அறிக்கைகளில் எழுதியிருக்கிறார்கள். வேலை நேரத்தையும் சுழற்சி முறையில் மாற்றி மாற்றி வைத்து, எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று ஆய்வாளரால் கணக்குப் போடவே முடியாதபடி செய்தார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. யுனிசெஃபின் 2024 கணக்குப்படி 5 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 15 கோடிக் குழந்தைகளுக்கு இன்னும் பிறப்புப் பதிவு இல்லை. பிறந்த தேதியைக் காட்ட முடியாத பிள்ளைக்கு வயதை அடிப்படையாகக் கொண்ட எந்தச் சட்டமும் அரைகுறையாகத்தான் உதவும், முதலாளி 18 என்பார், தரகர் அந்தப் பிள்ளைக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருப்பார். இந்தியாவில் சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது, முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையிலும் இரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்பது நீதிமன்றங்களே ஒத்துக்கொண்ட விஷயம். 13-க்கும் 15-க்கும் இடையில்தான் சட்டத்தின் முழுப் பலமும் தொங்குகிறது, அந்த இடத்தில் இரண்டு வருட ஊசலாட்டம்! ஆகவே என்னைக் கேட்டால், குழந்தைத் தொழிலை எதிர்க்க ஒரு அரசு செய்யக்கூடிய முதல் காரியம் பிறந்த அன்றே பதிவு செய்வது, சிறைக் காலத்தைக் கூட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது விலக்குகள். அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1916-ல் கூட்டாட்சி அரசு சட்டம் கொண்டுவந்தது. வட கரோலினாவில் தன் இரண்டு மகன்களோடு பஞ்சாலையில் வேலை பார்த்த ஒரு தந்தை வழக்குப் போட்டார், பின்னால் நின்று நடத்தியவர்கள் ஆலைக்காரர்கள், 1918-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றுவிட்டது. சில வருடம் கழித்து ஒரு பத்திரிகையாளர் தேடிப் போய்ப் பார்த்தபோது, அந்த மகன்களில் ஒருவர், வழக்கில் ஜெயிக்காமல் இருந்திருந்தால் தனக்கு நல்லதாக இருந்திருக்கும், படிப்பு போய்விட்டது என்கிற பொருளில் பேசினார். நிலைத்து நின்ற சட்டம் 1938-ல்தான் வந்தது. அதிலும் விவசாயத்துக்குத் தனி விதி, பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை பள்ளி நேரம் தவிர்த்து அடுத்தவர் பண்ணையில் கூலிக்கு வேலை செய்யலாம், இதுதான் இன்றைய விதி. மற்ற தொழில்களில் ஆபத்தான வேலைக்கு 18, பண்ணையில் மட்டும் 16. பூச்சிமருந்துக்குப் பிள்ளையின் வயது தெரியுமா என்ன?

இந்தியாவின் விலக்கு வேறு மாதிரி. 1986 சட்டம் குறிப்பிட்ட தொழில்களை மட்டும் தடை செய்தது, 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எல்லாத் தொழிலையும் தடை செய்தது, 14 முதல் 18 வரை வளரிளம் பருவத்தினர் என்று புதிதாக ஒரு பிரிவை உண்டாக்கி அவர்களுக்கு ஆபத்தான வேலையைத் தடுத்தது. தண்டனையும் ஏறியது, 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம். நல்ல முன்னேற்றம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே திருத்தம், பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. குடும்பம் என்றால் யார் யார் என்று படித்துப் பாருங்கள்: அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அப்புறம் அப்பா கூடப் பிறந்தவர்கள், அம்மா கூடப் பிறந்தவர்கள். அந்தத் தொழிலில் வெளியாட்களும் வேலைக்கு இருக்கலாம். ஒரு ஆய்வாளர் பட்டறைக்குள் போகிறார், ஓரத்தில் ஒரு பையன் உட்கார்ந்து வேலை பார்க்கிறான், உரிமையாளர் "இவன் என் அக்கா மகன் சார், லீவுக்கு வந்திருக்கான்" என்கிறார். பையனும் தலையாட்டுகிறான். அந்த ஒரு வாக்கியத்தைப் பொய் என்று நிரூபிக்க ஆய்வாளர் குடும்ப அட்டையிலிருந்து பள்ளிப் பதிவேடு வரை தேடிப் போக வேண்டும், அதற்குள் பையன் வேறு ஊருக்குப் போயிருப்பான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அது சத்தமில்லாதது. இந்தியாவில் கட்டாயக் கல்வி உரிமை 14 வயதோடு முடிகிறது, அதே வயதில் வேலைக்கான கதவு திறக்கிறது. 15 வயதில் பள்ளியை விட்ட பெண் பிள்ளை ஆபத்தில்லாத வேலை என்று வகைப்படுத்தப்பட்ட ஒரு இடத்தில் இருந்தால், வேலை நேரம், ஓய்வு, இரவு வேலைத் தடை ஆகிய விதிகள்தான் அவளைக் காக்கின்றன: இடைவேளையோடு சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, மிகைநேர வேலை கூடாது. இந்த விதியை மீறினார்கள் என்று எத்தனை வழக்கைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? இலங்கை 2016-ல் கட்டாயக் கல்வி வயதை 16 ஆக்கியது, 2021-ல் வேலைக்கான குறைந்தபட்ச வயதையும் 14-லிருந்து 16-க்கு உயர்த்தி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. எழுதுவதற்குச் சின்னத் திருத்தம், ஆனால் இடைவெளி அடைபட்டது.

தண்டனையைக் கூட்டுங்கள் என்று சொல்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது வங்கதேசக் கதை. 1990-களின் தொடக்கத்தில், குழந்தைகள் செய்த பொருளை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகக்கூட ஆகவில்லை, மிரட்டலே போதுமானதாக இருந்தது, வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் சுமார் 50,000 குழந்தைகளை வெளியே அனுப்பின. அவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. பின்னால் தேடிப் பார்த்தபோது பலர் கல் உடைக்கும் வேலையிலும் தெருவிலும், சிலர் பாலியல் தொழிலிலும் இருந்தார்கள், விட்டுவந்த வேலையைவிட ஆபத்தான, கூலி குறைந்த இடங்களில். அதற்குப் பிறகு 1995-ல் தொழிற்சாலை உரிமையாளர் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மூன்றும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன, வேலையிலிருந்து எடுக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் இடமும் மாதம் ஒரு உதவித்தொகையும் உண்டு, அந்த ஏற்பாடு இல்லாமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்று. முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று தோன்றும், தோன்ற வேண்டும்.

இதற்கு எதிர்முனையில் பொலிவியா. அங்கே வேலை செய்யும் சிறுவர்களே சங்கம் வைத்து, எங்களைத் தடை செய்யாதே, பாதுகாப்புக் கொடு என்று தெருவுக்கு வந்தார்கள். 2014-ல் அரசு நிபந்தனைகளோடு 10 வயதுப் பிள்ளையும் சொந்தமாக வேலை செய்யலாம் என்று சட்டம் போட்டது. சிறுவர்களின் வாதத்தில் நேர்மை இருக்கிறது, சட்டவிரோதம் என்று ஆக்கினால் அடித்தாலும் ஏமாற்றினாலும் புகார் சொல்ல முடியாது என்றார்கள். ஆனால் அனுமதி கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் கண்காணிக்கும் ஆட்கள் அந்த நாட்டில் போதுமான அளவு இல்லை, அனுமதி மட்டும் நின்றது, கண்காணிப்பு வரவில்லை. 2018-ல் அந்த விலக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பலன் தந்த உதாரணங்களும் இருக்கின்றன, அவை ஒரே மாதிரி இல்லை. உஸ்பெகிஸ்தானில் பருத்தி எடுக்கக் குழந்தைகளை அனுப்பியது அரசுதான், பள்ளியை மூடி வகுப்பு வகுப்பாக வயலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே வறுமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை, முதலாளி அரசு என்பதால் அரசை அழுத்தினால் நடக்கும், நடந்தது, உலகப் பெரு நிறுவனங்கள் அந்தப் பருத்தியை வாங்க மறுத்தன, முதலில் சிறு குழந்தைகளை நிறுத்தினார்கள், பிறகு பெரியவர்களைக் கட்டாயப்படுத்துவதும் ஓய்ந்தது, 2022-ல் புறக்கணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. மெக்சிகோவில் 1997-ல் தொடங்கிய திட்டம் வேறு வழி, பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வந்தால் அம்மாவின் கையில் பணம், மேல்வகுப்பு போகப் போகத் தொகை கூடும், மேல்வகுப்பில் பெண் பிள்ளைக்கு ஆண் பிள்ளையைவிட அதிகம். பிள்ளை கொண்டுவரும் கூலியில் ஒரு பங்கையாவது ஈடுகட்டுவது என்பதுதான் கணக்கு. சாக்லேட்டின் மூலப்பொருளான கோகோவில் பெரு நிறுவனங்கள் 2001-ல் தாங்களாகவே உறுதிமொழி எழுதிக் கொடுத்தன, 2005-க்குள் மிக மோசமான வகைகளை நிறுத்திவிடுவோம் என்று. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2020-ல் வந்த ஆய்வு கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் கோகோ வேலையில் 15.6 லட்சம் குழந்தைகள் என்றது. தானாக முன்வந்து கொடுக்கும் உறுதிமொழிக்கு என்ன மரியாதை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1996-ல் சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் போட்ட கணக்கும் இந்த வகைதான், எனக்கு அந்தத் தீர்ப்பின் தர்க்கம் இன்றும் பிடிக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் ஒரு நலநிதியில் கட்ட வேண்டும், அந்தக் குழந்தையின் இடத்தில் வீட்டில் உள்ள ஒரு பெரியவருக்கு அரசு வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும், அந்தப் பணத்தின் வட்டி பிள்ளையின் படிப்புக் காலத்தில் வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையை எடுத்தால் வீட்டில் உண்டாகும் பள்ளத்தை நீதிமன்றமே எண்ணிப் பார்த்திருக்கிறது. நடைமுறையில் முதலாளிகளிடமிருந்து அந்தப் பணத்தை வசூலிப்பது பெரும்பாடாகிப் போனது தனிக்கதை.

மிக மோசமான வகைகளுக்கு வந்தால் நான் சொன்னதெல்லாம் கொஞ்சம் மாறும். கடத்தல், கொத்தடிமை, பாலியல் சுரண்டல் இவற்றில் வறுமைக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல எதுவுமில்லை, குற்றவியல் சட்டம் முழு வேகத்தில் இறங்க வேண்டும். ஆள்கடத்தல் பற்றிய 2000-ஆம் ஆண்டு ஐ.நா. நெறிமுறையில் ஒரு முக்கியமான வரி உண்டு: 18 வயதுக்குக் கீழே இருந்தால், சுரண்டுவதற்காக அழைத்துப் போனார்கள் என்று காட்டினாலே கடத்தல்தான், மிரட்டினார்களா ஏமாற்றினார்களா என்று நிரூபிக்கத் தேவையில்லை, பிள்ளை சம்மதித்தது என்ற வாதம் எடுபடாது. இந்தியக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் (1976) இன்னும் ஒரு படி போகிறது, இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, கடனும் அங்கேயே அழிந்துபோகும். அப்பா வாங்கிய முன்பணத்துக்காகச் செங்கல் சூளையில் கிடக்கும் பிள்ளைக்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைவிட இந்தச் சட்டம் பல நேரங்களில் அதிகம் உதவும், ஆனால் வழக்குப் பதியும்போது இந்தப் பிரிவைச் சேர்க்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கேட்டுச் சேர்க்க வைக்க வேண்டும்.

நேரில் ஒரு பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். முதலாளியிடம் போய்ச் சத்தம் போடாதீர்கள், அன்று இரவே பிள்ளை இடம் மாறிவிடும். முகம் தெரியும்படி படம் எடுத்துப் பொதுவில் போடாதீர்கள், பல நாடுகளில் அதுவே குற்றம். இடம், நேரம், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், அங்கேயே தங்குகிறார்களா, இவற்றைக் குறித்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், இந்தியாவில் 1098, இலங்கையில் 1929. மீட்ட பிறகு ஒரு விஷயத்தை விசாரியுங்கள், செய்த வேலைக்குக் கூலி பாக்கி வந்ததா என்று. வேலைக்கு வைத்ததே சட்டவிரோதம் என்பதால் கூலி தர வேண்டியதில்லை என்று முதலாளி தப்ப முடியாது, பாக்கியைக் கணக்குப் போட்டு வாங்கித் தரச் சொல்லிக் கேட்கலாம். நீங்கள் ஆசிரியராக இருந்தால் இன்னொன்று: இந்திய விதிகளின்படி, தகவல் இல்லாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து 30 நாள் பள்ளிக்கு வரவில்லையென்றால் தலைமையாசிரியர் அதற்கான தொடர்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த விதி 2017-லிருந்து இருக்கிறது, உங்கள் பள்ளியில் கடைசியாக எப்போது அப்படி ஒரு கடிதம் போனது என்று கேட்டுப் பாருங்கள்.